கயிற்றுக்குள் பூத்த குரோக்கஸ்

அத்தியாயம் 17

அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, யோரிஸ் பின்கதவைத் திறந்தான். படி இறங்கியவன் பாதியிலேயே நின்றுவிட்டான்.

தோட்டத்தில் அவன் அடித்த முளைக்குச்சிகள் நாலும் அடித்தபடியே இருந்தன. அவற்றைச் சுற்றி அவன் இழுத்துக் கட்டிய வெள்ளைக் கயிறும் இருந்தது. ஆனால் கயிற்றுக்கு உள்ளே கால் வைக்க இடமில்லை.

புல்லே தெரியாத அளவுக்கு மொட்டு. ஒவ்வொன்றும் விரல் உயரம்கூட இருக்காது. வெளிர் ஊதா நிறத்தில், மெல்லிய தாளைச் சுருட்டி மண்ணில் செருகியது போல நின்றன. வேலி வரைக்கும் இருந்தன, வாய்க்கால் கரை வரைக்கும் இருந்தன. ஆனால் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றதெல்லாம் அவன் கட்டிய கயிற்றுக்குள்தான்.

குரோக்கஸ். குங்குமப்பூவுக்குப் பங்காளி, அந்த விலை மட்டும் கிடையாது.

அவன் மாமனார் கெர்பன் போன ஜூன் மாதம் வாய்க்கால் கரையில் விழுந்ததும், பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதும், லேவார்டன் நகர மருத்துவமனையில் மாதக்கணக்காக வைத்தியம் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் நமக்குத் தெரியும். மாடி ஏற முடியாத மனிதருக்குக் கீழேயே படுக்கையறையும் குளியலறையும் கட்டுவது, கட்டட வேலை தெரிந்த மருமகன் யோரிஸே அதைக் கட்டித் தருவது என்று முடிவானதும் தெரியும். திங்கட்கிழமை காலை மண் தோண்டும் இயந்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டிருந்த இடத்தில்தான் போன வாரம் இந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தோம்.

தோண்டப் போகிற இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் நமக்கும் தெரியாது, யோரிஸுக்கும் தெரியாது.

ஆகஸ்டில் இடம் குறித்தால் இப்படித்தான் ஆகும். மே மாதத்தோடு இலை பழுத்துப் போய்விட்டால், அடுத்த குளிர் முடிகிற வரைக்கும் குரோக்கஸ் வெளியே தலைகாட்டாது. மேலே பார்த்தால் வெறும் புல்தான். இந்த ஊரில் பிறந்தவனாக இருந்தால், முளை அடிப்பதற்கு முன்னால் "கீழே என்ன இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். யோரிஸ் ரோட்டர்டாம்காரன். அவனுக்குப் புல் என்றால் புல்தான்.

கல்யாணமாகி நாலு வருடம். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், கோடையில் படகு விட வருவார்கள். இந்தப் பருவத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. "எங்க அம்மா பூ வளர்ப்பாங்க" என்று மனைவி லிஸ்பெத் சொன்னபோது, ஜன்னலோரம் ரெண்டு தொட்டி இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

நேற்று இருட்டிய பிறகு வந்து சேர்ந்ததால் எதுவும் தெரியவில்லை. இப்போது பார்க்கிறான். பார்க்கப் பார்க்க இன்னொன்றும் நினைவுக்கு வந்துவிட்டது.

ஆகஸ்டில் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமியார் மின்கே.

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க அத்தை" என்று இவன் சொன்னான். அவள் இழுத்துப் பிடித்தாள்.

*

மின்கே சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுத் தோல் போட்டு, மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய கேக். ஒன்றிரண்டு இல்லை, மேசை கொள்ளாமல் இருந்தது. உயரமான பெண்மணி. பேச்சில் சிக்கனம், காபியில் தாராளம்.

"அத்தை, வெளியில..."

"பூத்திருக்கு. பார்த்தேன். உன் காபி ஆறுது."

"ஆகஸ்ட்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"இடத்தை மாத்தியிருப்பேன்."

"எங்க மாத்துவே? முன்னாடி ரோடு. மேற்கால ஈல்கேயோட மாட்டுத் தொழுவம். உன் மாமனாரை மாட்டோட படுக்க வைக்கலாம்னு பார்க்கிறியா?"

"கிழக்கால இடம் இருக்கே."

கத்தி நின்றது. "கிழக்கால படகுக் கொட்டகை இருக்கு. அந்தப் பேச்சு வேண்டாம்."

வீட்டுச் சுவரை ஒட்டி, வாய்க்கால் ஓரமாக நீளும் கொட்டகை அது. உள்ளே கெர்பனின் மரப்படகு. ஜூன் மாதத்திலிருந்து தண்ணீரைப் பார்க்காத படகு.

"சரி, அப்போ பூவைப் பெயர்த்து வேற இடத்துல நட்டுடுவோம். நாளைக்கு முழுக்க இருக்கே" என்றான் யோரிஸ்.

"கொஞ்சம் பெயர்க்கலாம். ஈல்கே வண்டி தர்றேன்னிருக்கான். பூத்தது கண்ணுக்குத் தெரியும், எடுத்துடலாம். விதை விழுந்து முளைச்சு, இன்னும் பூக்காத குஞ்சு இருக்கே, ரெண்டாம் வருஷத்துக் குஞ்சு, மூணாம் வருஷத்துக் குஞ்சு, அதைப் புல்லுலேர்ந்து பிரிச்சுப் பார்க்க எனக்கே ஒரு மாசம் ஆகும். உன் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?" கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது. "அறை கட்டலைன்னா அவரை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விடச் சொல்றாங்க. நான் விட மாட்டேன். அவ்வளவுதான் விஷயம். கேக் எடுத்துக்கோ."

அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று யோரிஸ் தேடிப் பார்த்தான். கேக் துண்டுகள் ஒரே அளவாக விழுகின்றனவா என்கிற கவனம்தான் தெரிந்தது.

*

அடித்தளத்துக்கு அச்சுக் கட்டவென்று போன வாரமே அவன் லாரியில் அனுப்பி இறக்கி வைக்கச் சொல்லியிருந்த பலகைகளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், லிஸ்பெத் கடைசிப் பலகையைப் புல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். பின்வாசல் கேட்டிலிருந்து தோட்டத்தைச் சுற்றி ஒரு பாதையே போட்டாகிவிட்டது.

"என்னோட பலகை!"

"இன்னிக்கு ஒரு நாள் இரவல். ஊர்க்காரங்க வருவாங்க. பூவை மிதிச்சிடக் கூடாதுல்ல?"

"எதுக்கு வருவாங்க?"

"பார்க்கத்தான். வருஷா வருஷம் பூ வந்ததும் அம்மா பின்கேட்டைத் திறந்து வச்சிடுவாங்க. கேட் திறந்திருந்தா வரலாம்னு அர்த்தம். கூப்பிடவெல்லாம் மாட்டாங்க."

யோரிஸ் அவள் எதிரே போய் நின்றான். "உனக்கும் தெரியும்."

லிஸ்பெத் பலகையைக் காலால் சரி செய்தாள். "தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் முளை அடிக்கிறேன், நீ பக்கத்துல நின்னு எலுமிச்சை ஜூஸ் குடிச்சிட்டிருந்தே!"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா பார்த்தாங்க."

"பார்த்தாங்களா?"

"ஆமா, பார்த்தாங்க. உங்க ரோட்டர்டாம்ல பேசினாத்தான் பேச்சு. இங்க எங்க அம்மா ஒரு தடவை பார்த்தா பேச்சு முடிஞ்சுது." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு ராத்திரி அவங்ககிட்ட சண்டை போட்டேன் யோரிஸ். அப்பா உடம்புக்கு முன்னாடி பூவைப் பத்திப் பேசுறியான்னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

அவனுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிப்போனது. மனைவியின் மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. பலகையின் இன்னொரு முனையை அவனும் பிடித்து நேராக்கினான்.

*

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெயில் மட்டும் வரவில்லை. வானம் பழைய கம்பளி போலச் சாம்பல் நிறத்தில் மேலே தொங்கியது. வெயில் இல்லையென்றால் குரோக்கஸ் திறக்காது. எத்தனை கெஞ்சினாலும் திறக்காது. ஊரே திரண்டு வந்து மூடிய மொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வந்தவர்கள் மொட்டைப் பார்த்தார்கள். பிறகு கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு யோரிஸைப் பார்த்தார்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுக் காபியை உறிஞ்சினார்கள். நாலு பேர் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

கடைசியில் வாயைத் திறந்தவன் பக்கத்து வீட்டு ஈல்கே. தொழுவத்திலிருந்து அப்படியே வந்திருந்தான். மரச்செருப்பில் சாணி காயவில்லை.

"என்ன மாப்ளே, இடம் பார்த்து அடிச்சிருக்கே! தோட்டத்துலயே தங்கமான இடம்."

"தெரியாம அடிச்சிட்டேன் ஈல்கே."

"தெரியும், தெரியும். ஆகஸ்ட்ல யாருக்குத் தெரியும்?" ஈல்கே இரண்டாவது கேக்கை எடுத்தான். "இதெல்லாம் உன் மாமியார் எப்படிக் கொண்டுவந்தாள்னு தெரியுமா? முதல்ல இந்தப் பூவோட கிழங்கு ஒரு கைப்பிடி. பாதிரியார் வீட்டம்மாவுக்கு வாத்து முட்டை குடுத்து வாங்கினது. வரிசையா நடுவாள்னு பார்த்தா, கண்ணை மூடிக்கிட்டுப் புல்லுல வீசினா. எது எங்க விழுந்துச்சோ அங்கேயே குழி தோண்டி நட்டா. பைத்தியமான்னு நாங்க சிரிச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் எறும்பு. பூ முடிஞ்சா விதை தரையோட தரையா வரும். எறும்பு தூக்கிட்டுப் போய் அங்க இங்க போடும். அது முளைச்சுப் பூக்க மூணு நாலு வருஷம். அதுவரைக்கும் புல்லு மாதிரியே இருக்கும். எது புல்லு, எது பூன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதனால இலை பழுக்கிற வரைக்கும் புல்லை வெட்ட விட மாட்டா. ஊர்ல எல்லார் வீட்டுப் புல்லும் ஏப்ரல்ல முடி வெட்டிக்கிட்டு நிக்கும், இவ வீட்டுது மட்டும் சாமியார் மாதிரி நிக்கும்."

யோரிஸுக்குச் சிரிப்பு வந்தது.

"கெர்பனுக்கு அது பொறுக்கலை" என்றான் ஈல்கே. "ஒரு ஏப்ரல்ல விருந்தாளிங்க வர்றாங்கன்னு, இவ கடைக்குப் போன நேரத்துல மொத்தத்தையும் வெட்டிட்டான். அடுத்த வருஷம் தோட்டத்துல பூவைத் தேடித்தான் பார்க்கணும். அவ ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் அவனைக் கொன்னுபோட்டுச்சு. அன்னிலேர்ந்து மே மாசம் அவ தலையாட்டாம அந்த வெட்டுற மெஷின் பக்கமே போக மாட்டான். அவ்வளவு பெரிய ஆளு, மேகம் வந்தா படகுல இருந்துகிட்டே காத்தைத் திட்டுவான். இவ முன்னாடி பெட்டிப்பாம்பு."

யோரிஸ் கூட்டத்துக்கு நடுவே காபிக் கெண்டியோடு நடந்த மாமியாரைப் பார்த்தான். பலகையில் நடக்கும்போதும் குனிந்தே நடந்தாள். ஓர் இடத்தில் நின்று, பலகை விளிம்பில் நசுங்கக் கிடந்த ஒரு மொட்டை விரலால் நகர்த்தி விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த கோப்பையை நிரப்பினாள். நாளை மறுநாள் மண்ணோடு போகப் போகிற மொட்டு அது. இருந்தாலும் இன்று அது நசுங்கக் கூடாது அவளுக்கு.

இப்படியும் ஒரு மனுஷியா என்று நினைத்தான். கட்டடம் கட்டுகிறவன் அவன். எடுத்த வேலைக்குப் பலன் கண்ணெதிரே எழும்பி நிற்க வேண்டும் அவனுக்கு. இவளோ விதை விழுந்து நாலு வருடம் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். அப்படிக் காத்திருந்து சேர்த்ததை, யாரிடமும் சொல்லாமல் கயிறு பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

*

காபித்தூள் எடுக்க உள்ளே போனவனை முன்னறையிலிருந்து கெர்பனின் குரல் நிறுத்தியது.

"யோரிஸ்."

ரோட்டைப் பார்த்த ஜன்னல். அதன் ஓரம் கட்டில். பக்கத்தில் சக்கர நாற்காலியில் கெர்பன், முழங்காலில் போர்வை. வார்த்தைகள் அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும். ஆனால் தப்பான வார்த்தை வராது.

"பூ வந்துச்சா?"

யோரிஸ் பின்கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"தினம் கேட்கிறேன். மின்கே இன்னும் இல்லேங்கிறா." கெர்பன் மூச்சு வாங்கிக்கொண்டார். "பூ வரலை. ஆனா ஊரே என் வீட்டுத் தோட்டத்துல காபி குடிக்குது. நல்லா இருக்கா காபி?"

யோரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று படக் கூடாது, குளிர் ஆகாது என்று சொல்லிச் சொல்லி மின்கே இவரை முன்னறையிலேயே வைத்திருந்ததற்குக் குளிர் காரணமில்லை. பின்பக்கம் வந்தால் கயிற்றைப் பார்த்துவிடுவார்.

திங்கட்கிழமை வரைக்கும் இவர் பார்க்காமல் இருந்தால் போதும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு பார்க்க என்ன இருக்கும்?

"மாமா, தொப்பி எங்க?"

"கதவுக்குப் பின்னாடி" என்றார் கெர்பன், ரொம்ப நாளாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் போல.

*

பலகைப் பாதையில் சக்கர நாற்காலி வந்ததைப் பார்த்துக் கூட்டம் விலகி வழிவிட்டது. மின்கேயின் கையிலிருந்த காபிக் கெண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் ஒழுகியது. யோரிஸை ஒரு பார்வை பார்த்தாள்.

லிஸ்பெத் சொன்னது சரிதான். அந்தப் பார்வைக்கு மேல் பேச்சு வேண்டியதில்லை. ஆனாலும் அவன் நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. அவனுக்கே அது எப்படி என்று புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. புல் மேல் வெளிச்சம் விழுந்தது, அவ்வளவுதான். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு வேலியோரம் ஒன்று விரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. எங்கே பார்ப்பது என்று தெரியாதபடி பத்து இடத்தில், நூறு இடத்தில். வெளிப்பக்கம் வெள்ளி பூசியது போல வெளுத்திருந்த இதழெல்லாம் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டியபோது தோட்டத்தின் நிறமே மாறியது. மங்கலாக இருந்த தரை ஊதாவாகி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளி செம்மஞ்சள் தெரிந்தது. எங்கே ஒளிந்திருந்தனவோ, தேனீக்களும் வந்துவிட்டன. இந்த வருடத்தின் முதல் தேனீக்கள்.

யோரிஸ் வாயைத் திறந்தபடி நின்றான். நாலு வருடமாக இந்த வீட்டு மருமகனாக இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அழகு என்ற வார்த்தையைத் தன்னுடைய மரவேலைக்கு அவன் அடிக்கடி சொல்லிக்கொள்வான். இனிமேல் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.

கெர்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

"அது என்ன கயிறு?"

ஈல்கே கேக்கை மெல்வதை நிறுத்திவிட்டான்.

"அறை, மாமா" என்றான் யோரிஸ். "உங்க அறை."

"இங்கயா?"

"ஆமா."

"கொட்டகையை இடிக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன்."

"வரைபடத்துல கையெழுத்துப் போட்டீங்களே, மாமா!"

"இடது கையால போட்டேன். அதுவே மலை ஏறின மாதிரி. படிச்சு வேற பார்க்கணுமா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டு, மின்கேயைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள்.

"காத்து ஜில்லுன்னு இருக்கு. உள்ள கூட்டிட்டுப் போ யோரிஸ்" என்றாள் மின்கே.

"போக மாட்டேன்" என்றார் கெர்பன். "யோரிஸ், கொட்டகை இருக்கிற இடத்துல கட்டு."

"கட்டாதே, யோரிஸ்."

"கட்டு."

இரண்டு பேரும் பார்த்தது யோரிஸைத்தான். அவன் உதவிக்கு லிஸ்பெத்தைத் தேடினான். அவள் கூட்டத்தின் கடைசியில் நின்று தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டகையை இடிச்சா படகு எங்க போகும்?" மின்கேயின் குரல் உயர்ந்தது.

"வேணுங்கிறவன் எடுத்துட்டுப் போகட்டும்."

"எடுத்துட்டுப் போகட்டுமா? எந்திரிச்சு நடக்கணும்னு ஆசை இருந்தா நடப்பார்னு டாக்டர் சொன்னார்ல? உனக்கு அந்தப் படகைத் தவிர வேற எதுல ஆசை இருக்கு?" காபிக் கெண்டியை யார் கையிலோ திணித்தாள். "இந்தப் பூ எங்க விட்டாலும் வரும், கெர்பன். வேலியோரம் வரும். ஈல்கேயோட சாணிக்குழியில போட்டாக்கூட வரும். நாலு வருஷம் ஆகட்டும், பத்து வருஷம் ஆகட்டும், நான் காத்திருப்பேன், அது வரும். நீ அப்படி வருவியா? படகு போயிடுச்சுன்னா நீ எதுக்காக எந்திரிப்பே?"

மின்கே ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

கெர்பன் அவள் மூச்சு அடங்கும் வரை காத்திருந்தார்.

"மின்கே. நான் இனிமே அதுல ஏற மாட்டேன்."

"ஏறுவே."

"ஏற மாட்டேன். எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். ஈல்கேயோட மாட்டுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது!"

கத்திவிட்டாள். வாய்க்கால் பக்கமிருந்த வாத்துகள் படபடவென்று எழும்பிப் பறந்தன.

யோரிஸ் மாமியாரைப் பார்த்தான். மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் தெரிந்தவள். எது புல், எது பூ என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. தோட்டத்தையே கொடுத்துவிடத் துணிந்தது படகுக்காக இல்லை. இவர் பழையபடி எழுந்து வருவார் என்ற ஒரே நம்பிக்கைக்காக.

"சரி" என்றார் கெர்பன். "படகை விடு. நான் ஒண்ணு கேட்கிறேன், அதுக்குப் பதில் சொல்லு."

மின்கே நிமிர்ந்தாள்.

"கொட்டகை இருக்கிற இடத்துல படுத்தா, ஜன்னல் வழியா இது தெரியும்." அவர் இடது கை தோட்டத்தின் மேல் மெதுவாக ஒரு வட்டம் போட்டது. "இது மேலயே என்னைப் படுக்க வச்சா, வருஷம் பூரா நான் எதைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறது?"

மின்கே தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

மருத்துவமனையில் அழாதவள், வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அழாதவள், ஊர் பார்க்க, மத்தியான வெயிலில், நின்ற இடத்திலேயே அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளவும் தோன்றவில்லை அவளுக்கு. கெர்பன் எட்டி அவளுடைய ஏப்ரனின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அவர் கைக்கு எட்டியது அதுதான்.

அப்போது ஊர் ஒரு காரியம் செய்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பி, குனிந்து, காலடியில் இருந்த பூவைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஈல்கே மண்டியே போட்டுவிட்டான். வாழ்நாளில் பூவையே கண்டிராதவன் போல ஒவ்வொன்றையும் உற்று உற்றுப் பார்த்தான். யோரிஸும் குனிந்தான். ரோட்டர்டாம்காரனுக்குக்கூட அது சொல்லாமலே விளங்கியது.

முதலில் பேசியவர் கெர்பன்தான்.

"யோரிஸ், இன்னும் என்ன பூவைப் பார்த்துட்டு நிக்கிறே? கொட்டகையைத் திற. உள்ள அளந்து பாரு."

"மாமா, திங்கட்கிழமை வண்டி வந்துடும். நகராட்சியில அனுமதி வாங்கினது இந்த இடத்துக்குத்தான். புதுசா வரைஞ்சு குடுத்து, அவங்க சரின்னு சொல்லி..."

"அதெல்லாம் உன் பாடு. முதல்ல திற."

யோரிஸ் போய்க் கொட்டகைக் கதவை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது. பெரிய பூட்டு. துருவே இல்லை, யாரோ அடிக்கடி திறக்கிற பூட்டு.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டான்.

லிஸ்பெத் அம்மாவைப் பார்த்தாள். ஈல்கே மண்டியிட்ட இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தான். கெர்பன் பிடித்திருந்த ஏப்ரனை விட்டுவிட்டு, தலையை உயர்த்தி மனைவியைப் பார்த்தார்.

மின்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள்.

உள்ளே சாவி சத்தம் கேட்டது, கை மட்டும் வெளியே வரவில்லை.